நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் களரி அமைத்து, மத்தளம் முழங்க விடியுமளவும் கூத்தாடுவோர்க்கு அண்ணாவியார் என்பவர் யார் என்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆட்டமும் பாட்டும் பயிற்றுபவர் அவர். ஊர் அவரை வணங்கும். கடலுக்கு அப்பால், திரைச்சீலையும் ஆர்மோனியமும் புகுந்த புதிய மேடைக்கு அத்தகைய ஆசிரியராய் வாய்த்தவர் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள். ஆயின் அவருக்கு அந்த வணக்கம் எளிதிற் கிட்டவில்லை. கூத்தாடி என்னும் சொல் அங்கே வசைச்சொல்லாய் வழங்கிய காலம் அது.

1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரக் கணக்கப்பிள்ளையின் மைந்தராய் அவர் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடைய ஒருசாலை மாணாக்கர். இளமையிலேயே வெண்பாவும் கலித்துறையும் பாட வல்லவரானார். சிலகாலம் உப்புப் பண்டகசாலையிற் கணக்கெழுதினார். பின்னர், இருபத்து நான்காம் வயதில், கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தார். கற்றறிந்த குடும்பத்தார் இதனை எவ்வாறு கருதியிருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய கொடிய வேடங்களே அவருக்கு இயல்பாய்ப் பொருந்தின. அந்த வெற்றியே அவருடைய நடிப்புக்கு முடிவாயிற்று. சனீசுவரனாய் நடித்த ஓரிரவு, விடியற்காலையில் வேடங் கலைக்க நீர்நிலைக்குச் சென்றவரைக் கண்ட ஒரு பெண் அச்சத்தால் உயிர்துறந்தாள் என்றும், எமனாய் வந்தபோது அவையிலிருந்த கருவுற்ற பெண்ணொருத்தியின் கரு கலைந்தது என்றும் அவர் வரலாறு சொல்வோர் கூறுவர். இவற்றுள் வழிவழிக் கதை எத்துணை சேர்ந்ததோ, அறியோம். அவர் வேடம் புனைவதை விட்டொழித்தார் என்பது மட்டும் உறுதி. புகழின் உச்சியில் நின்ற ஒருவர் தம் கலையின் ஆற்றலுக்கே அஞ்சி விலகியது சிறிய செய்தியன்று.

துறவு மனப்பான்மையோடு தலங்கள்தோறும் திரிந்தவரை மீண்டும் கலைக்கு ஈர்த்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியாபிள்ளை. கஞ்சிராவிலும் லயத்திலும் ஒப்புயர்வற்ற அப்பெரியார், சுவாமிகளைத் தம் மைந்தரெனவே ஏற்றார். சுவாமிகளின் பாடல்களிற் சந்தம் துள்ளி ஓடுவதற்கு அந்தப் பழக்கம் பெருங் காரணம் எனலாம்.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் அவர் நிறுவினார். வளர்ந்த நடிகரின் ஒழுங்கின்மையால் மனம் வெதும்பியே சிறுவர்களை நாடினார். பெற்றோரைப் பிரிந்து, பள்ளிக் கல்வியை இழந்து, ஊர் ஊராய் இரவு கண்விழித்த அப்பிள்ளைகளின் துயரை மறைத்துப் புகழ்பாடுதல் முறையன்று. ஆயினும் அவர்களுக்குக் கிடைத்த தமிழ், அக்காலத்துப் பள்ளிகள் பலவற்றிற் கிடைத்ததினும் செம்மையானது. அவர்களுள் ஒருவராகிய தி. க. சண்முகம் என்னும் சிறுவருக்காக, அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் சுவாமிகள்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய அவர்தம் நாடகங்களின் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. வெவ்வேறு ஊர் நடிகர், ஒத்திகையின்றி, மாலையிற் சந்தித்து இரவில் ஒருங்கே நடிக்கும் ஸ்பெஷல் நாடகம் அவற்றைக் கொண்டே நடந்தது. யாவருக்கும் பாட்டும் வசனமும் மனப்பாடமாதலின், ஒருவர் தொடங்கினால் மற்றவர் தொடருவர். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களிற் கொழும்பு மேடையில் இணைந்து பாடி ஈழத்தாரை மயக்கியதும் வள்ளி திருமணத்தினாலேயே.

அதே காலத்தில் அமெரிக்காவில், ராக்டைம் என்னும் துள்ளலிசையால் மக்களை ஆடவைத்தவர் ஸ்காட் ஜோப்ளின் என்னும் கறுப்பினத்தவர். சுவாமிகளுக்கு ஏறத்தாழ ஒத்த வயதினர். 1899இல் வெளிவந்த மேப்பிள் லீஃப் ராக் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. கேளிக்கைப் பாட்டு என்று இகழப்பட்டதனாற் போலும், தம் இசை நாடகமாகிய ட்ரீமனிஷாவை 1911இற் பதிப்பித்தும், முறையாக அரங்கேற்றக் காணாமலே 1917இல் மாண்டார். சுவாமிகளுக்கு அந்தக் குறை இல்லை. தம் எழுத்து இரவுதோறும் மேடையேறுவதைக் கண்டவர் அவர்.

எனினும் முடிவு கொடிதாயிற்று. பக்கவாதம் தாக்கி, நாவும் கையும் செயலிழந்தன. பாடம் சொல்லிய வாய் பேசாதிருக்க, பிள்ளைகள் பாடக் கேட்டிருந்தார். 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் காலமானார். இரண்டாண்டு கழித்து, நம் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நாடகத்தைப் பற்றிப் பேசினார். அப்பேச்சே 1926இல் மதங்கசூளாமணி என்னும் நூலாயிற்று. கற்றோர் அவை நாடகத்துக்குச் செவிசாய்த்தபோது சுவாமிகள் இல்லை. புதுச்சேரிக் கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. நாடகக் கலைஞர் அங்கே சென்று வணங்குகின்றனர்.