மறதி நோயின் வேர் தேடிய மருத்துவர்

மறதி மக்களுக்கு இயல்பே. ஆயினும், தம் பெயரையும் பெற்ற பிள்ளைகளையும் மறக்கச் செய்யும் கொடுநோய் ஒன்று உண்டு. அந்நோயையும், மூளையில் நேரும் மாற்றத்தையும் இணைத்துக் காட்டியவர் அலோய்சு அல்சைமர் என்னும் செருமானிய மருத்துவர்.

இவர் 1864-ஆம் ஆண்டு சூன் 14-ஆம் நாள், பவேரியாவிலுள்ள மார்க்குபிரைட்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். மருத்துவம் கற்றுத் தேர்ந்து, 1888-இல் பிராங்குபர்ட்டு நகர மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார். நோயாளரோடு பரிவுடன் உரையாடுவதும், நுண்பெருக்காடியில் மூளைத் திசுக்களை ஆராய்வதும் இவர்தம் இரு கண்களாயின.

1901-இல் இவர் மனைவி இறந்தார். மூன்று மக்களை வளர்க்கும் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. துயருற்றும் இவர் கடமையில் தளர்ந்தாரல்லர். அவ்வாண்டின் இறுதியில், அகுஸ்தே என்னும் ஐம்பத்தொரு வயது அம்மையார் மருத்துவமனைக்கு அழைத்து வரப்பட்டார். தம் பெயரை எழுதச் சொன்னால், எழுதத் தொடங்கி இடையிலேயே மறந்துவிடுவார். அவர் கூறியவற்றையெல்லாம் அல்சைமர் பொறுமையோடு குறித்து வைத்தார். பின்னர் மியூனிக்கு நகருக்குச் சென்றபோதும் அவ்வம்மையாரை மறந்தாரல்லர்.

1906 ஏப்பிரலில் அம்மையார் காலமானார். அவர்தம் மூளையைப் பெற்று, மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்பினால் நிறமேற்றி நோக்கினார் அல்சைமர். நரம்பணுக்களின் புறத்தே படிவுகளும், அகத்தே முறுக்குண்ட இழைகளும் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் தூபிங்கனில் அறிஞர் அவையில் அதனை விளக்கினார். வினாவெழுப்புவார் ஒருவரும் இலர். எனினும் அவர் உள்ளம் சோர்ந்திலர். 1910-இல் கிரேப்பெலின் என்னும் பேரறிஞர் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். 1912-இல் பிரெசுலாவில் பேராசிரியரான அல்சைமர், 1915 திசம்பர் 19-ஆம் நாள், தம் ஐம்பத்தொன்றாம் வயதில் மறைந்தார்.

அவர் கண்ட படிவுகள், அமிலாய்டு என்னும் புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டவை என்பது 1980-களில் தெளிவாயிற்று. 1996-இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள், ஐந்து அமினோ அமிலங்களே கோத்த பெப்டைடு என்னும் சிறு சங்கிலி ஒன்றைக் கண்டனர். அது அமிலாய்டின் ஒட்டும் இடத்தைத் தான் பற்றிக்கொண்டு, அடுத்த துணுக்கு வந்து சேராதபடி தடுத்தது. இவ்வகைப் பெப்டைடுகள் நோய் தீர்க்கும் மருந்தாக இன்னும் முழுமை பெறவில்லை; ஆராய்ச்சி தொடர்கின்றது.

தன்னையே மறந்த ஓர் எளிய பெண்மணியை ஒருவர் மறவாதிருந்தார். அதனாலன்றோ இவ்வாராய்ச்சிக்கு வழி பிறந்தது! பாராட்டை எதிர்நோக்காது ஆற்றும் பணி ஒருநாள் பயன் தந்தே தீரும்.