காப்டன் ஆன்ஸன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்துக்குள்ள செல்வாக்கை நேயர்கள் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வாட்டத்தையே ஜீவனமாகக் கொண்டவர்களுள், பந்தடிப்பதில் பெருங் கீர்த்தி பெற்றவர் அட்ரியன் ஆன்ஸன். அவருடைய திறமையையும் அவர் இழைத்த அநீதியையும் ஒருங்கே வைத்து எடைபோடுவதே நேர்மையென்று நாம் கருதுகிறோம்.

1852-ம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி ஐயோவா மாகாணத்து மார்ஷல்டவுனில் அவர் பிறந்தார். 1871-ல் ராக்போர்டு குழுவில் சேர்ந்து, பின்பு பிலடெல்பியாவில் நான்கு வருஷம் ஆடினார். 1876-ல் தேசீய லீக் ஸ்தாபிக்கப்பட்டபோது சிகாகோ சென்றவர், 1897 வரையில் அக்குழுவை விட்டு அகலவில்லை. அதன் தலைமையை ஏற்றபின் காப்டன் என்பதே அவர் பெயராயிற்று. 1880 முதல் 1886 வரையுள்ள ஏழு வருஷங்களில் சிகாகோ ஐந்து முறை முதலிடம் பெற்றது.

எறியப்படும் பந்தை அடித்துவிட்டு ஆபத்தின்றித் தளத்தை அடைவதை ஹிட் என்பர். 1881-ல் ஆன்ஸனின் விகிதம் ஆயிரத்துக்கு 399. 1888-ல் 344 விகிதத்துடன் மீண்டும் லீகில் முதல்வரானார். மூவாயிரம் ஹிட்டுகளை முதன்முதலில் எட்டியவரும் அவரே.

இத்தகைய வீரர், கறுப்பர்களோடு களத்தில் நிற்பது தமக்கு இழுக்கென்று எண்ணினார். 1883 ஆகஸ்டு 10-ந் தேதி அவர் குழு டொலிடோவில் ஆடச் சென்றது. அவ்வூர்க் குழுவில் பிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் இருந்தார், சர்வகலாசாலையில் பயின்றவர். அவர் இறங்கினால் தாம் ஆடுவதில்லையென ஆன்ஸன் பிடிவாதம் செய்தார். கையில் காயம்பட்டிருந்த வாக்கரை அன்று ஆடவைக்கும் உத்தேசமே டொலிடோ தலைவர் மார்ட்டனுக்கு இல்லை. ஆயினும் இம்மிரட்டலைக் கேட்டதும் அவரையே களத்தில் நிறுத்தினார். ஆட மறுத்தால் வசூலில் பங்கு கிடையாது என்று தெரிந்ததும், ஆன்ஸனின் வைராக்கியம் கரைந்துவிட்டது, அவர் ஆடினார்.

நான்கு வருஷங்களுக்குப் பின் நிலைமை மாறிற்று. 1887 ஜூலை 14-ந் தேதி சிகாகோ நியூவர்க்கில் ஆடியபோது, ஸ்டோவி என்ற கறுப்புப் பந்தெறிவீரரும் அப்போது அக்குழுவிலிருந்த வாக்கரும் ஆட்டத்தினின்று விலக்கப்பட்டனர். ஸ்டோவிக்குத் தேக அசௌக்கியம் என்று சாக்குச் சொன்னார்கள். அதே தினத்தில் நியூவர்க் சேர்ந்திருந்த இண்டர்நேஷனல் லீகின் நிர்வாகிகள், இனிமேல் கறுப்பர்களுடன் புது ஒப்பந்தம் செய்வதில்லையெனத் தீர்மானித்தனர். அந்த லீகில், பஃபலோ குழுவின் சிறந்த பந்தடி வீரரான பிராங்க் கிராண்ட் ஒரு கறுப்பர் என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். அவரைப் போன்றவர்களுக்குத் தேசீய லீகின் வாயில் திறக்கவேயில்லை.

நிறத்தடைக்கு ஆன்ஸன் ஒருவரே காரணமென்று நாம் சொல்லவில்லை. ஒரு தலைவர் உறுதியாக நின்ற இடத்தில் அவர் பணிந்தார். நிர்வாகிகள் அஞ்சிய இடத்தில் வென்றார். துவேஷம் கொண்டவனுடைய கூச்சலைக் காட்டிலும், அதற்கு இணங்கிப்போகும் ஸ்தாபனங்களின் கோழைத்தனமே அநீதியை நிலைநாட்டுகிறது.

ஆன்ஸனின் பிற்காலம் கஷ்டத்தில் கழிந்தது. சிகாகோ நகர குமாஸ்தா பதவியை 1905 முதல் 1907 வரை வகித்தார். பின்பு கடனில் மூழ்கினார். லீக் அளிக்க முன்வந்த உபகாரச் சம்பளத்தை ஏற்க மறுத்த தன்மானம் அவரிடம் இருந்தது. பிறருடைய மானத்தையும் அவ்வாறே மதித்திருப்பாரேல், அவர் வாழ்க்கை வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். 1922 ஏப்ரல் 14-ந் தேதி காலமானார். இருபத்தைந்து வருஷமும் ஒரு நாளும் சென்றபின், 1947 ஏப்ரல் 15-ந் தேதி ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளின் குழுவில் இறங்கி அத்தடையைத் தகர்த்தார்.

பேஸ்பால் கீர்த்தி மண்டபத்தில் ஆன்ஸனின் பெயர் 1939-ல் பொறிக்கப்பட்டது. 1937-ல் மறைந்த கிராண்டின் பெயர் 2006-ல்தான் ஏறிற்று. ஆன்ஸனின் மூவாயிரத்தை வியப்போர், ஆட விடப்படாதவர்கள் எத்தனை அடித்திருப்பார்கள் என்பதற்கு அவ்வேட்டில் கணக்கில்லை என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.