பப்புஷா: சாட்சி சொன்னதால் விலக்கப்பட்டவர்

போலந்தின் ரோமா மக்கள் அவரைப் பப்புஷா, அதாவது பொம்மை என்று அழைத்தார்கள். இயற்பெயர் புரோனிஸ்வாவா வாய்ஸ். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யாழ் இசைத்துப் பிழைத்த நாடோடிக் குடும்பங்களிடையே வளர்ந்தார். பெண் பிள்ளை படிப்பதை அந்தச் சமூகம் விரும்பவில்லை. யூதக் கடைக்காரப் பெண்ணொருவருக்குக் கோழி கொடுத்து எழுத்துக் கற்றார்.

இரண்டாம் உலகப் போரில் நாஸிகள் ரோமா மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். வோலினியாக் காடுகளில் பசியோடும் குளிரோடும் ஒளிந்திருந்து பப்புஷா உயிர் தப்பினார். உறவினர் பலர் தப்பவில்லை. அந்த நாட்களைத் தாய்மொழியில் நீண்டதொரு பாடலாக்கினார்.

1949இல் அவரைச் சந்தித்த போலந்துக் கவிஞர் யெஜி ஃபிட்சோவ்ஸ்கி, அவரது பாடல்களை மொழிபெயர்த்து வெளியிட்டார். அக்காலத்தில் கம்யூனிச அரசு, ரோமாக்களின் நாடோடி வாழ்வை நிறுத்தி ஓரிடத்தில் குடியமர்த்த முனைந்தது. ஃபிட்சோவ்ஸ்கி அதை ஆதரித்தார். பப்புஷாவின் பாடல்களும் அதற்குத் துணையாகக் காட்டப்பட்டன.

1953இல் ரோமாக்களின் மொழியையும் வழக்கங்களையும் விவரிக்கும் ஃபிட்சோவ்ஸ்கியின் நூல் வந்தது. அச்சிட வேண்டாமென்று பப்புஷா மன்றாடியும் பயனில்லை. இனத்தின் இரகசியங்களை வெளியாருக்குக் காட்டிக்கொடுத்தவர் என்று மூத்தோர் அவரை ஒதுக்கினார்கள். மனம் உடைந்து மருத்துவமனையில் இருந்தார். பிறகு, 1987இல் இறக்கும்வரை, தன் சனத்துக்கு வெளியிலேயே வாழ்ந்தார். மிகக் குறைவாகவே எழுதினார்.

வோலினியாவில் நடந்ததை, அனுபவித்த பெண்ணின் சொல்லாகவே இன்று உலகம் வாசிக்கிறது. அரசு தன் திட்டத்தை நடத்தியது. கவிஞர் தன் நூலை வெளியிட்டார். விலை கொடுத்தவர் பப்புஷா.