ஏழு தந்திகளின் நாதம்

பெங்களூருவில் மல்லேசுவரத்தை அடுத்த வயாலிக்காவல் பகுதியில் விந்தையான கட்டடம் ஒன்று உண்டு. தந்திகளும் முறுக்காணிகளும் வில்லும் கொண்டு, படுக்க வைத்த பெரிய வயலினைப் போலவே அது தோன்றும். 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்வரங்கின் பெயர் சௌடையா நினைவு மண்டபம். ஒரு கலைஞருக்கு அவர் வாசித்த கருவியின் வடிவிலேயே நினைவகம் எழுப்பியது ஏன் என்பதை அவருடைய வரலாறு விளக்கும்.

மைசூருக்கு அருகில் காவிரியும் கபினியும் கூடும் இடம் திருமகூடலு நரசிபுரம். அவ்வூரில் உழவர் குடியில் 1895ஆம் ஆண்டில் சௌடையா பிறந்தார். இசையில் நாட்டம் கொண்ட அவர், 1910ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனை வித்துவான் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கே பல ஆண்டுகள் கடுமையாகப் பயின்றார்.

வயலின் ஐரோப்பாவில் தோன்றிய கருவி. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் முதலானோர் அதனை நம் இசைக்கு ஏற்றதாக்கினர். ஐரோப்பியர் பெரும்பாலும் தோளில் தாங்கி வாசிக்கும் கருவியை, நம்மவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் கால்மேல் ஊன்றி வாசிக்கின்றனர். கச்சேரியில் வயலின் பக்கவாத்தியமாகும். பாடகர் இராகத்தை விரிக்கும்போது அது நிழல்போல் தொடரும். அவர் கற்பனைச் சுரம் பாடி நிறுத்தும்போது உடனுக்குடன் விடை தரும்.

சௌடையா மேடையேறிய காலத்தில் நல்ல ஒலிபெருக்கிகள் இல்லை. முன்வரிசையினர் செவிகுளிரக் கேட்ட வயலின், கடைசி வரிசையினரை எட்டவில்லை. கணீரென்று பாடுவோர் அருகில் அதன் நாதம் அமுங்கிப் போயிற்று. தொலைவில் அமர்ந்திருப்பவரும் இசையைத் துய்க்க வேண்டும் என்னும் கவலை சௌடையாவை விடவில்லை. 1927ஆம் ஆண்டளவில் அவர் ஒரு வழி கண்டார். நான்கு தந்திகளில் மூன்றனுக்குத் துணையாக ஒவ்வொரு தந்தியைச் சேர்த்தார். வில் ஒருமுறை உராயும்போது இரு தந்திகள் சேர்ந்து ஒலித்தன, நாதம் பெருகியது.

அம்மாற்றம் எளிதன்று. இணையான இரு தந்திகளும் மயிரிழையும் பிசகாமல் சுருதி சேர்ந்திருக்க வேண்டும். விரல் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் தொட வேண்டும். சிறிது தவறினாலும் இனிமை கெட்டு இரைச்சலாகும். நான்கு தந்திகளே போதும், மரபை ஏன் மாற்ற வேண்டும் எனக் குறை கூறியவர்களும் இருந்தனர். சௌடையா அவர்களோடு வாதிடுவதைவிட வாசிப்பதையே விடையாகக் கொண்டார். ஏழு தந்தி வயலின் அவருடைய அடையாளமாயிற்று.

இத்தகைய முயற்சி பிற நாட்டு இசையிலும் உண்டு. வயலினின் மூத்த உடன்பிறப்பைப் போன்ற பெரிய கருவி செல்லோ. ஐரோப்பாவில் அது நெடுங்காலம் பெரும்பாலும் அடிநாதம் தரும் துணைக்கருவியாகவே இருந்தது. பீத்தோவன் 1796ஆம் ஆண்டில் செல்லோவுக்கும் பியானோவுக்கும் எனச் சொனாட்டாக்களை இயற்றினார். அவற்றில் இரு கருவிகளும் தோழர்போல் உரையாடுகின்றன. துணைக்கருவிக்கும் தனிக்குரல் உண்டு என்பதை அங்கே ஒரு படைப்பாளர் இசையமைப்பால் காட்டினார். இங்கே ஒரு வாசிப்பாளர் கருவியையே மாற்றிக் காட்டினார்.

காவிரி கன்னட நாட்டிலிருந்து தமிழகம் வருவதுபோல, சௌடையாவின் இசையும் தமிழகம் வந்தது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர் முதலிய பெரும்பாடகர்களுக்கு அவர் வாசித்தார். கன்னடம் பேசிய அவருக்கும் தமிழகத்துச் சுவைஞர்களுக்கும் இசையே பொதுமொழியாயிற்று. பிறந்த ஊரை நினைவூட்டும் ‘திரிமகுட’ என்னும் முத்திரையோடு கீர்த்தனைகளும் இயற்றினார். சென்னை மியூசிக் அகாதெமி 1957ஆம் ஆண்டில் அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்துச் சிறப்பித்தது. 1967ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் அவர் மறைந்தார்.

இன்று ஒலிபெருக்கி இல்லாத அரங்கு அரிது. ஏழு தந்தி வயலினும் அரிதாகிவிட்டது. எனினும் கடைசி வரிசையில் இருப்பவரையும் எண்ணிப் பார்த்த அந்த உள்ளம் போற்றத்தக்கது. மாணவர்களே, அம்மண்டபத்தைக் கடந்து செல்லும்போது அதனை நினைவில் கொள்ளுங்கள்.

அருஞ்சொற்பொருள்
தந்தி – கருவியில் கட்டிய கம்பி
நாதம் – இனிய ஒலி
பக்கவாத்தியம் – பாடகருக்குத் துணையாக ஒலிக்கும் கருவி
துய்த்தல் – நுகர்தல்

வினாக்கள்
1. சௌடையா பிறந்த ஊரில் கூடும் ஆறுகள் யாவை?
2. அவர் வயலினில் மூன்று தந்திகளைச் சேர்த்தது ஏன்?
3. ஏழு தந்தி வயலினை வாசிப்பதில் உள்ள அருமை யாது?
4. உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பயன்படும்படி நீங்கள் செய்யக்கூடிய ஒரு செயலைப் பற்றி ஐந்து தொடர்களில் எழுதுக.