எண்ணெய் ஊத்தப் போன இன்ஜினியர்

லாரியோட பின் ஆக்சில்ல டிஃபரன்ஷியல் கவரைக் கழட்டிப் பார்த்திருக்கீங்களா? ரிங் கியரோட அடிப்பக்கம் கியர் ஆயில்ல முங்கியிருக்கும். வண்டி ஓடும்போது அதுவே ஆயிலை வாரி மத்த கியர், பேரிங் மேல இறைக்கும். சீல் கசியாம இருந்து, ஆயிலை அப்பப்ப மாத்தினா போதும். எண்ணெய் போடுறதுக்குன்னு யாரும் நடுவழியில வண்டியை நிறுத்துறதில்ல.

ஆனா 1860களில் ரயில்களை அதுக்காகவே அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையைக் குறைச்சவர்களில் முக்கியமானவர் எலைஜா மெக்காய்.

1844-ல் கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமைகளாக இருந்து தப்பி வந்தவர்கள். பையனுக்கு மெஷின் மேல ஆசைன்னு தெரிஞ்சதும் 15 வயசுலயே ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பயிற்சி முடித்து, குடும்பம் குடியேறியிருந்த அமெரிக்காவின் மிச்சிகனுக்கு வந்தார்.

மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் வேலை கேட்டார். கறுப்பினத்தவர் என்பதால் இன்ஜினியர் வேலை கிடைக்கலை. கிடைச்சது ஃபயர்மேன் வேலை. பாய்லருக்குக் கரி அள்ளிப் போடணும். ரயில் நின்னா இறங்கி இன்ஜினுக்கு எண்ணெய் ஊத்தணும்.

படிச்சதுக்கும் பாக்குற வேலைக்கும் சம்பந்தமே இல்லைன்னு நம்ம சீனியர்கள் புலம்புவாங்க இல்லையா? மெக்காய்க்கு அந்த வேலையே ப்ராஜெக்ட் ஆயிடுச்சு. எண்ணெய்க்காக ஏன் நிக்கணும்னு யோசிச்சு, இன்ஜினோட நீராவி அழுத்தத்தாலேயே வேலை செய்யும் ஒரு எண்ணெய்க் கிண்ணத்தை வடிவமைத்தார். இன்ஜின் ஓடும்போதே சிலிண்டருக்குள் எண்ணெய் தானாக இறங்கும். 1872-ல் பேட்டன்ட் கிடைத்தது. இதே பிரச்சினைக்கு வேறு சிலரும் தீர்வு தேடினார்கள். ஆனால் மெக்காய் ஒன்றோடு நிற்கவில்லை. வாழ்நாளில் 50-க்கும் மேற்பட்ட பேட்டன்ட்கள், பெரும்பாலும் லூப்ரிகேஷன் சம்பந்தப்பட்டவை. எழுபது வயசைத் தாண்டின பிறகும், அதிக சூட்டில் ஓடும் இன்ஜின்களுக்காக எண்ணெயோடு கிராஃபைட் தூள் கலந்து தரும் லூப்ரிகேட்டரை உருவாக்கினார்.

கையில் முதலீடு இல்லாததால் பல பேட்டன்ட்களின் உரிமையை விற்க வேண்டியிருந்தது. அவர் கண்டுபிடிச்சது வேறு பெயர்களில் ஓடியது. தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கியது 1920-ல்தான். 1922-ல் நடந்த விபத்தில் மனைவி மேரி காயமடைந்து இறந்தார். அதில் அடிபட்ட அவரும் பழையபடி தேறவில்லை. 1929-ல் காலமானார்.

இன்ஜினியர் வேலை மறுக்கப்பட்ட அதே மிச்சிகனில், டெட்ராய்ட் நகரில் 2012-ல் அமெரிக்க பேட்டன்ட் அலுவலகம் தன் கிளையைத் திறந்தது. அதுக்கு வைத்த பெயர் எலைஜா மெக்காய்.