நச்சினார்க்கினியர்

நச்சினார்க்கினியர் என்பவர் பழந்தமிழ் நூல்கள் பலவற்றுக்கு உரை எழுதிய மதுரை அறிஞர் ஆவார். இவரது காலம் பொதுவாகக் கி.பி. 14 ஆம் நூற்றாண்டு எனக் கொள்ளப்படுகிறது. தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சீவக சிந்தாமணி ஆகியவற்றுக்கு இவர் எழுதிய உரைகள் கிடைத்துள்ளன. 19 ஆம் நூற்றாண்டில் பழைய நூல்கள் ஓலைச்சுவடிகளிலிருந்து அச்சுக்கு வந்தபோது அவற்றின் பொருளை அறியவும், சில இடங்களில் மூலத்தையே மீட்கவும் இவ்வுரைகள் உதவின.

வாழ்க்கை

இவரது வாழ்க்கை பற்றிய செய்திகள் மிகக் குறைவு. இவர் மதுரையைச் சேர்ந்தவர், பாரத்துவாச கோத்திரத்து அந்தணர் என்பன உரைச்சிறப்புப் பாயிரத்தால் அறியப்படுகின்றன. சமயத்தால் சைவர். தம்மை விரும்பியவர்க்கு இனியவர் என்னும் பொருள் கொண்ட இவரது பெயர் சிவபெருமானுக்கு உரியது. இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர் ஆகியோரின் உரைகளை அறிந்தும், சில இடங்களில் மறுத்தும் எழுதுவதால் இவர் அவர்களுக்குப் பிற்பட்டவர் என்பது தெளிவு.

சீவக சிந்தாமணி திருத்தக்கதேவர் இயற்றிய சமண காப்பியம் ஆகும். சைவரான நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சமண நூல்களைக் கற்று உரையைத் திருத்தி எழுதினார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு.

உரை எழுதிய நூல்கள்

தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் ஆகிய இரண்டுக்கும் இவரது உரை முழுமையாகக் கிடைக்கிறது. பொருளதிகாரத்தில் முதல் ஐந்து இயல்களுக்கும் செய்யுளியலுக்கும் மட்டுமே உரை கிடைத்துள்ளது. குறுந்தொகையில் பேராசிரியர் உரை எழுதாது விட்ட 20 பாடல்களுக்கு இவர் உரை எழுதியதாகக் கூறப்படுகிறது. அவ்வுரை இன்று இல்லை.

உரையும் சுவடியும்

இலத்தீன் கவிஞர் வெர்ஜிலின் பாடல்களுக்கு செர்வியுஸ் என்னும் இலக்கண ஆசிரியர் எழுதிய உரை, இடைக்கால ஐரோப்பாவில் தோற்சுவடிகளில் பாடலைச் சூழ்ந்த ஓரங்களில் படியெடுக்கப்பட்டது. பனையோலையில் அவ்வாறு எழுத அகன்ற ஓரம் இல்லை. மூலமும் உரையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து எழுதப்பட்டன. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடும் வழக்கமும், எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடும் சுவடிகளில் பெரும்பாலும் இல்லை. எனவே எது மூலம், எது உரை, எது மேற்கோள் என்று பிரித்தறிவதே பதிப்பாசிரியரின் முதல் வேலையாக இருந்தது.

இவரது உரைகளில் மேற்கோள்கள் மிகுதி. ஆனால் பல மேற்கோள்களுக்கு நூற்பெயர் தரப்படுவதில்லை. 1880 இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கிய உ. வே. சாமிநாதையர், இம்மேற்கோள்கள் எந்நூல்களைச் சேர்ந்தவை என்று தேடினார். அத்தேடலே அவரைச் சங்க நூல்களின் சுவடிகளிடம் கொண்டு சேர்த்தது. தகடூர் யாத்திரை போன்ற மறைந்த நூல்களின் சில பாடல்கள் இன்று தெரிவதற்கும் இவர் உரையில் மேற்கோளாக ஆண்டது ஒரு காரணமாகும்.

குறிஞ்சிப்பாட்டு

பத்துப்பாட்டுள் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற்குக் கபிலர் இதனைப் பாடினார் எனப்படுகிறது. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனப்படும். மதுரைக்கு மேற்கே, ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர்பெற்ற போடிநாயக்கனூரிலிருந்து உயரும் ஏலமலைச் சரிவுகள் இவ்வகை நிலத்துக்கு எடுத்துக்காட்டு ஆகும். அம்மலைத்தொடரில் மூணாற்றுப் பகுதியில், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது.

இப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்த 99 மலர்களின் பெயர்கள் அடுக்கிக் கூறப்படுகின்றன. குறிஞ்சியும் அவற்றுள் ஒன்று. வழக்கொழிந்த பெயர்கள் பலவற்றுக்கு நச்சினார்க்கினியர் வேறு பெயர் தருகிறார். கூவிளம் வில்வப்பூ என்றும், வகுளம் மகிழம்பூ என்றும், குடசம் வெட்பாலைப்பூ என்றும், உந்தூழ் பெருமூங்கிற்பூ என்றும் அவர் விளக்குகிறார். இவ்விளக்கங்கள் இல்லையெனில் இப்பெயர்கள் சில இன்று வெறும் ஒலிகளாகவே நின்றிருக்கும். சாமிநாதையருக்கு முதலில் கிடைத்த சுவடிகளில் மலர்ப்பெயர்கள் வரும் பகுதி சிதைந்திருந்தது. தருமபுரம் ஆதீனத்துச் சுவடியிலிருந்து அவர் அக்குறையை நிறைவு செய்தார்.

அச்சுப் பதிப்புகள்

* 1847 - தொல்காப்பியம் எழுத்ததிகாரம், மழவை மகாலிங்கையர்
* 1885 - தொல்காப்பியம் பொருளதிகாரம், சி. வை. தாமோதரம்பிள்ளை
* 1887 - கலித்தொகை, சி. வை. தாமோதரம்பிள்ளை
* 1887 - சீவக சிந்தாமணி, உ. வே. சாமிநாதையர்
* 1889 - பத்துப்பாட்டு, உ. வே. சாமிநாதையர்

1885 ஆம் ஆண்டுப் பதிப்பில் பொருளதிகாரம் முழுவதற்கும் உள்ள உரை நச்சினார்க்கினியருடையது என்றே அச்சிடப்பட்டது. அதன் பிற்பகுதியில் உள்ளது பேராசிரியர் உரை என்பதை ரா. இராகவையங்கார் பின்னர் எடுத்துக்காட்டினார்.

மாறுபட்ட கருத்துகள்

தொலைவில் நிற்கும் சொற்களையும் அடிகளையும் பிரித்தெடுத்து ஒன்றோடொன்று இணைத்துப் பொருள் கூறுவது இவரது வழக்கம். இது மாட்டு எனப்படும். முல்லைப்பாட்டு, பட்டினப்பாலை ஆகியவற்றில் இம்முறை பாடலின் இயல்பான ஓட்டத்தைச் சிதைக்கிறது என மறைமலையடிகள் கண்டித்தார். 1903 இல் முல்லைப்பாட்டுக்கும் 1906 இல் பட்டினப்பாலைக்கும் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியுரைகள், அடிகள் நின்ற முறையிலேயே பொருள் காண முயன்றவை. சைவ சமயக் கருத்துகளையும் தம் காலத்து வழக்கங்களையும் நச்சினார்க்கினியர் பழம்பாடல்களில் ஏற்றிக் கூறுகிறார் என்ற குறையும் சொல்லப்படுவதுண்டு.

ஆகவே இன்றைய வாசகர் இவ்வுரையை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இவரை மறுப்பவர்களும் இவர் உரையோடு அச்சேறிய பாடத்தை வைத்தே மறுக்கின்றனர். சங்கப் பாடல்களுக்கும் நமக்கும் இடையே, ஏறத்தாழப் பாதி வழியில் நின்று அவற்றைப் படித்தவர் என்ற வகையில் நச்சினார்க்கினியரின் சொல் இன்றும் முதன்மைச் சான்றாக விளங்குகிறது.