ஐதராபாத் ஆசிரியர் ரகீம்

நிலாவெளிக் கரையிலே மாலை வேளையில் நடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாது காண்பார்கள். கரைவலை இழுத்து முடிந்த மணற்பரப்பில் சிறுவர்கள் இரு பிரிவாகி நிற்பர். இரண்டு தென்னை மட்டைகளை நட்டுவிட்டால் அது கோல் வாயில். சப்பாத்து இல்லை, நடுவர் இல்லை, தோற்ற பிரிவு வெளியேற, காத்திருக்கும் பிரிவு உள்ளே வரும். பெரிய சுற்றுப்போட்டிகளில் விலகல் முறை என்று நாம் பெயரிட்டு அழைப்பதை இவர்கள் பெயர் சொல்லாமலே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அண்மையில் அந்தச் சிறுவர்களுள் ஒருவனிடம் ரகீம் யார் தெரியுமா என்று வினவினேன். 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மைதான்’ என்னும் இந்திப் படத்தின் கதாநாயகன் என்று விடை வந்தது. விடை பிழையன்று. ஆயினும் படத்திற்கு அப்பால் அம்மனிதர் ஓர் ஆசிரியராக வாழ்ந்தவர். அந்த வாழ்க்கையையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

சையது அப்துல் ரகீம் 1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் நாள் ஐதராபாத்திலே பிறந்தார். உசுமானியாப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்று, நகரத்துப் பாடசாலைகள் சிலவற்றில் கற்பித்தார். பின்னர் உடற்கல்வியில் பயிற்சி பெற்று, பாடம் சொல்லும் பணியோடு விளையாட்டையும் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். தாமே பந்தாடியவர், எனினும் ஆட்டக்காரராக அவர் பெற்ற புகழ் அவ்வூரெல்லையைப் பெரிதாகக் கடந்துவிடவில்லை. அவரது திறமை கண்ணிலே இருந்தது. ஒரு வாலிபனின் கால் எந்தப் பக்கம் சோர்கிறது, எவன் பந்தைப் பெறுமுன்பே அடுத்த அடியை எண்ணுகிறான் என்பதை எட்ட நின்று காணும் கண் அது.

1943இல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகவும் நகரப் பொலிஸ் அணியின் பயிற்றுநராகவும் ஆனார். அக்காலத்தில் இந்திய உதைபந்தாட்டம் என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமடன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெயர்களையும் தாண்டி வேறொரு பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. அந்நிலையில் தக்காணத்துப் பொலிஸ்காரர்கள் 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றார்கள். டூரண்ட் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் மோகன் பகானையே வீழ்த்தி அதனையும் கொண்டுசென்றார்கள். ஒரு தோல்வியோடு ஊர் திரும்ப வேண்டிய சுற்றுப்போட்டியை ஐந்து முறை தொடர்ந்து வெல்வதென்பது அதிட்டத்தின் செயலன்று.

அவர் கற்பித்த முறையைக் குறித்துச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு பலரைத் தாண்டிச் செல்வதே வீரமென்று எண்ணப்பட்ட காலம் அது. ரகீமோ, வந்த பந்தை ஒரே தொடுகையில் தோழனுக்கு அனுப்பும்படி வற்புறுத்தினார். வலக்காலன் இடக்காலாலும், இடக்காலன் வலக்காலாலும் மட்டுமே ஆடவேண்டும் என்று விதி வைத்து இளைஞர்களுக்குப் போட்டிகளே நடத்தினார். மெலிந்த காலைக் கொண்டே ஒரு பையனை ஒரு முழு ஆட்டம் ஆடவைக்கும் எண்ணம், நாள்தோறும் வகுப்பறையிலே நின்ற ஒருவருக்குத்தான் தோன்றும் என்பது என் துணிபு. ஹங்கேரியர் ஐரோப்பாவை வியக்க வைத்த காலத்தில் அவர்களுடைய நடு முன்னணி வீரர் பின்வாங்கி ஆடும் உத்தியை அவர் ஊன்றிக் கற்றார். 1958இல் பிரேசில் உலகக் கிண்ணத்தை வென்றபோது புகழ்பெற்ற நான்கு, இரண்டு, நான்கு என்ற அணிவகுப்பை ஏறத்தாழ அதே காலத்தில் தம் வீரர்களைக் கொண்டு சோதித்துவந்தார்.

1950ஆம் ஆண்டு முதல் இந்திய தேசிய அணி அவர் கைக்கு வந்தது. 1951இல் புதுடில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இந்தோனேசியா, ஆப்கானித்தான் ஆகிய அணிகளை வென்று, இறுதியில் மேவாலால் அடித்த ஒரே கோலினால் ஈரானையும் வென்று தங்கம் பெற்றார்கள். மறு ஆண்டு ஹெல்சிங்கியில் நேர்ந்ததோ பேரிடி. வீரர்களுட் பலர் வெறுங்காலோடு ஆட, யூகோசிலாவியா பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தியாவை நொறுக்கியது. சப்பாத்து கட்டாயமாக்கப்பட்டது அதன் பின்னரே. அதே 1952இல் கொழும்பிலே நடந்த நாற்கோணப் போட்டியில் இந்தியாவும் பாகித்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன.

மெல்போனில் 1956இல் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. முதற்சுற்றில் எதிர்நிற்கவேண்டிய ஹங்கேரி வாராது விலகியது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடிக்க, அவுஸ்திரேலியா நான்குக்கு இரண்டு எனத் தோற்றது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்ற பெருமை அன்று பெறப்பட்டது. அரையிறுதியில் முதற் கோலையும் இந்தியாவே அடித்தது. எனினும் அதே யூகோசிலாவியாவிடம் நான்குக்கு ஒன்று எனத் தோல்வி. பத்துக்கு ஒன்று நான்குக்கு ஒன்றாவதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

இவ்விடத்தில் தமிழர் இருவரைக் குறிப்பிடாது செல்ல மனம் வரவில்லை. துளசிதாஸ் பலராம் செக்கந்தராபாத்தின் அருகே வறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பயிற்சிக்கு வந்துபோக வழியில்லாதிருந்த அந்த இளைஞருக்குத் துவிச்சக்கரவண்டி வாடகையை ரகீமே கொடுத்துவந்தார் என்று சொல்வர். மற்றவர் நெடிய உருவத்தினரான பந்துக் காப்பாளர் பீற்றர் தங்கராஜ். 1960இல் உரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டவர் பலராம். ரகீமின் சொந்த மைந்தர் அக்கீமும் அந்த ஒலிம்பிக் அணியில் இருந்தார். ஆனால் ஓர் ஆட்டத்திலேனும் களம் இறங்கவில்லை. தந்தையும் பயிற்றுநரும் ஒருவரேயான வீட்டில் அதைப்பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆசியாவில் அந்நாளிற் கழகங்களுக்கெனக் கண்டம் தழுவிய போட்டி கிடையாது. ஐரோப்பாவில் 1955இலேயே தொடங்கிவிட்ட அவ்வழக்கம் இங்கு 1967இலேதான் பாங்கொக்கில் தொடங்கியது. ஆகவே ஆசியாவின் மேலாண்மை ஆசிய விளையாட்டு விழாவிலேயே தீர்மானமாயிற்று. 1958இல் தோக்கியோவில் நான்காம் இடமே கிட்டியது. 1962இல் ஜகார்த்தாவுக்குப் புறப்படும்போது ரகீமின் நுரையீரலை நோய் அரித்துக்கொண்டிருந்தது.

முதலாட்டத்தில் தென்கொரியாவிடம் இரண்டுக்குப் பூச்சியம் எனத் தோல்வி. தாய்லாந்தையும் யப்பானையும் வென்று அரையிறுதிக்கு வந்தார்கள். தாய்லாந்துடனான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையலிட்டிருந்தார் பின்களக் காவலர் ஜர்னெய்ல் சிங். காயத்தோடு பின்னே நின்று பந்தை முட்டித் தடுப்பது அரிது என்று கண்ட ரகீம், வேறெவரும் துணியாத ஒன்றைத் துணிந்தார்; அவரை முன்னணிக்கு மாற்றினார். தென்வியட்நாமுடனான அரையிறுதியில் அவர் ஒரு கோலும், தலைவர் சுனி கோசுவாமி இரண்டு கோல்களும் போட, மூன்றுக்கு இரண்டு என வெற்றி.

இஸ்ரேலையும் தைவானையும் விழாவிற் சேர்க்காததை இந்தியப் பிரதிநிதி சொந்தி கண்டித்தமையால் ஜகார்த்தா மக்கள் கொதித்திருந்தனர். இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. செப்டெம்பர் 4ஆம் நாள், இலட்சம் பேர் அளவில் திரண்ட சினையான் அரங்கத்தில் இந்தியருக்கு எதிராக எழுந்த கூச்சல் கொஞ்சமன்று. எதிரணி, முன்னரே தம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியா. முதல் நாள் இரவு ரகீம் தம் வீரர்களைக் கூட்டி, தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது நாளைய தங்கமாக இருக்கட்டும் என்ற கருத்துப்படச் சொன்னாராம். அரையிறுதியில் நின்ற பந்துக் காப்பாளரை மாற்றித் தங்கராஜை இறக்கினார். பதினேழாம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜியும், இருபதாம் நிமிடத்தில் தையலிட்ட தலையோடு நின்ற ஜர்னெய்லும் கோல் போட்டனர். கொரியர் ஒன்றைத் திருப்பியது எண்பத்தைந்தாம் நிமிடத்தில். அத்தனை பெரிய அரங்கில் இந்தியருக்காக ஆர்ப்பரித்த சிறு கூட்டம் பாகித்தான் ஹொக்கி வீரர்களுடையது என்று ஆடியவர்கள் பின்னர் நினைவுகூர்ந்தனர்.

அடுத்த ஆண்டு யூன் 11ஆம் நாள் ரகீம் புற்றுநோயால் மறைந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. பலராமும் உடல்நலக் குறைவால் அதே 1963இல் இருபத்தாறு, இருபத்தேழு வயதிலேயே ஆட்டத்தை விட்டார், 2023இல் மறைந்தார். 1966இல் பாங்கொக்கில் இந்தியா முதற்சுற்றோடு வெளியேறியது. 1970இல் அங்கேயே வெண்கலம் கிடைத்தபோது அணியைப் பயிற்றியவர்களுள் ஒருவர் ஜகார்த்தாவில் முதற் கோலைப் போட்ட பானர்ஜி. தங்கம் அதன் பிறகு வரவில்லை.